மூலிகைப் பொடியா, மாத்திரையா? பாயை நனைக்கும் பையனின் அம்மாவுக்கு ஒரு குழந்தை மருத்துவரின் பதில்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து நான்கு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் யார் என்று தெரிந்துவிடாதபடி சிலவற்றை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மூத்த மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பிறந்ததிலிருந்து ஒரு வாரம்கூடச் சேர்ந்தாற்போல் பாய் காய்ந்திருந்தது இல்லை. வாரத்தில் 5 இரவாவது நனைத்துவிடுகிறான். பகலில் அப்படி எதுவும் கிடையாது. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் மாமியாரும் 3 வயது மகளும் இருக்கிறார்கள். "விடியறதுக்கு முன்னாடியே கோரைப்பாயைக் கழுவி, யார் கண்ணிலும் படாம கொல்லை வேலியில போட்டுடுவேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க பார்த்துட்டா இவன் அன்னைக்குப் பள்ளிக்கூடம் போகமாட்டான்" என்று எழுதியிருக்கிறார்.

மாமியார் முதலில் எள்ளுருண்டை கொடுத்துப் பார்த்தார். ஆடி மாதத்திலிருந்து, சந்தைக்கு வரும் ஒருவரிடம் வாங்கிய செங்கல் நிறப் பொடியை, நெருஞ்சி முள்ளும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய கஷாயத்தில் கலக்கி, படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் கொடுக்கிறார். இதற்கிடையில் தாய், டவுனில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டியதில் அவர் டெஸ்மோபிரெசின் 0.2 மில்லிகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாமியாருக்குத் தெரியாமல் அதையும் இரவில் கொடுத்து வந்திருக்கிறார். பத்து நாளைக்கு முன் ஒரு காலை, பையன் தலை வலிக்கிறது என்று எழுந்து, இரண்டு முறை வாந்தி எடுத்து, மதியம் வரை சுருண்டு படுத்திருக்கிறான். பயந்து மூன்று நாள் மாத்திரையை நிறுத்தினார். பாய் மறுபடி நனைந்ததும் திரும்பத் தொடங்கிவிட்டார். மாத்திரை விலை கட்டுபடியாகவில்லை என்று மருந்துக்கடையில் சொன்னபோது, "இது ரொம்ப விலை குறைவு, அதே வேலைதான் செய்யும்" என்று இமிப்ரமின் 25 மில்லிகிராம் அட்டை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அதை இன்னும் பிரிக்கவில்லை.

அவருடைய கேள்வி இது: "மூலிகை மெதுவா வேலை செஞ்சாலும் வேரோட குணமாக்கும், பக்க விளைவு இல்லைங்கிறாங்க. இங்கிலீஷ் மருந்து சட்டுனு நிறுத்தும், ஆனா மூளையைப் பாதிக்கும், பின்னாடி ஆண்மையும் போயிடும்ங்கிறாங்க. நான் எதை நிறுத்த, எதைத் தொடர? மாசியில நாத்தனார் மகள் கல்யாணம் திருச்சியில. இரண்டு ராத்திரி மண்டபத்துல தங்கணும். இவன் இப்பவே வரமாட்டேன்னு அழறான்."

அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அவசரமான ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்றிரவு இரண்டையும் நிறுத்துங்கள்

கஷாயம், பொடி, மாத்திரை எல்லாவற்றையும் இன்றே நிறுத்துங்கள். டெஸ்மோபிரெசினைத் திடீரென்று நிறுத்துவதால் கெடுதல் கிடையாது. பாய் நனையும், அவ்வளவுதான்.

காரணம் சொல்கிறேன். டெஸ்மோபிரெசின் சிறுநீரகத்திடம் "தண்ணீரை வெளியே விடாதே, உடம்பிலேயே வைத்துக்கொள்" என்று சொல்லும் மருந்து. மாத்திரை போட்ட பிறகு 8 மணி நேரத்துக்கும் மேல் அந்த உத்தரவு நிற்கும். அந்த நேரத்தில் ஒரு டம்ளர் கஷாயம், அதன் மேல் ஒரு டம்ளர் பால் என்று உள்ளே போனால் அந்தத் தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை. ரத்தத்தில் தங்கி, அதில் உள்ள உப்பை, அதாவது சோடியத்தை, நீர்த்துப்போகச் செய்யும். சோடியம் குறைந்தால் முதலில் தலைவலி, குமட்டல், வாந்தி, மந்தம். இன்னும் குறைந்தால் வலிப்பு வரும், நினைவு தப்பும். இந்த மருந்தின் உண்மையான ஆபத்து இது ஒன்றுதான். பத்து நாளைக்கு முன் காலையில் உங்கள் பையனுக்கு வந்தது இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

"டாக்டர் ஏதோ சொன்னார், கூட்டத்துல காதுல விழலை" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்லியிருக்கக்கூடியது இதைத்தான்: மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து மறுநாள் காலை வரை எதுவும் குடிக்கக் கூடாது, மாத்திரையை விழுங்க ஒன்றிரண்டு மடக்கு தண்ணீர் போதும். வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது இந்த ஒரு வாக்கியம் நழுவிவிடுகிறது. இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் தொழிலில் நாங்கள் சரிசெய்துகொள்ள வேண்டிய இடம் அது.

நாளைக் காலையே திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கோ, நீங்கள் முன்பு பார்த்த மருத்துவரிடமோ போய், ரத்தத்தில் சோடியம் அளவு பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை அட்டை, பொடிப் பொட்டலம், கஷாயச் சரக்கு மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இதற்கிடையில் மறுபடி வாந்தி, கடுமையான தலைவலி, எழுப்பினால் எழாத மயக்கம், வலிப்பு எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏன் நனைகிறது?

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

5 வயதுக்குப் பிறகும் தூக்கத்தில் சிறுநீர் போனால்தான் அதைக் கவனிக்க வேண்டிய ஒன்றாக மருத்துவம் எடுத்துக்கொள்கிறது. 5 வயதில் நூற்றுக்குச் சுமார் 15 பிள்ளைகள் இப்படி இருப்பார்கள், 7 வயதில் 5 முதல் 10 பேர். ஆக உங்கள் பையனின் வகுப்பில் 40 பேர் இருந்தால், அவனைப் போலவே பாயை ஒளித்துவைக்கும் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். ஒருவருக்கொருவர் தெரியாது, அவ்வளவுதான்.

இதற்குப் பின்னால் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. இரவில் சிறுநீரைக் குறைக்கச் சொல்லும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சில பிள்ளைகளுக்குப் போதுமான அளவு சுரப்பதில்லை. சிலருக்கு மூத்திரப்பை கொஞ்சமாகத்தான் பிடிக்கும். மூன்றாவதாக, பை நிரம்பியதும் மூளை எழுப்ப வேண்டும், இந்தப் பிள்ளைகளுக்கு அந்த அழைப்பு எட்டுவதில்லை. சோம்பலோ திமிரோ பயமோ இந்தப் பட்டியலில் இல்லை.

பரம்பரையும் பெரிய காரணம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வர நூற்றுக்கு 44 வாய்ப்பு, இருவருக்கும் இருந்திருந்தால் 77. உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், "அவரும் பத்து வயசு வரைக்கும் இப்படித்தான்னு மாமியார் ஒருநாள் வாய்தவறிச் சொன்னாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை ஏன் அம்மா எல்லோரும் மறைக்கிறீர்கள்? அந்தப் பையன் கேட்க வேண்டிய செய்தி அதுதான். அடுத்த முறை கணவர் வீடியோ காலில் வரும்போது, அவர் வாயாலேயே மகனிடம் சொல்லச் சொல்லுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளிடம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா "நானும் அப்படித்தான்டா இருந்தேன்" என்று சொன்னதும் குனிந்திருந்த தலை நிமிர்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கூடவே, மாமியார் ஊதுபத்தியைக் காட்டி "சூடு போட்டாத்தான் நிக்கும்" என்று மிரட்டியதையும் எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் மிரட்டலாகவும் இனி இருக்கக் கூடாது. தூங்கும்போது நடப்பதற்கு விழித்திருக்கும்போது தண்டனை கொடுத்தால் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. உண்மையிலேயே சூடு போட்டால் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி அது குழந்தைக்கு இழைக்கும் கொடுமை, தண்டனைக்குரிய குற்றம். அவர்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பேரன் மேல் உயிராக இருப்பவர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அவர்கள் காலத்தில் வேறு வழி தெரியவில்லை.

மூலிகை மெதுவாக வேரோடு குணமாக்குமா?

ஒரு கணக்கு சொல்கிறேன். இந்தத் தொந்தரவு உள்ள 100 பிள்ளைகளை எடுத்து, எந்த மருந்தும் கொடுக்காமல் ஒரு வருடம் விட்டுவிட்டால், ஏறத்தாழ 15 பேருக்குத் தானாகவே நின்றுவிடும். அடுத்த வருடம் மிச்சம் உள்ளவர்களில் இன்னும் 15 சதவீதம். இப்படியே போய், 15 வயதில் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக் கணக்கெடுத்தால் நூற்றுக்கு ஒருவர் இருவருக்குத்தான் இது மிஞ்சியிருக்கும். இப்போது முதல் வருடத்தில் நின்ற அந்தப் 15 பேரின் வீட்டிலும் போய்க் கேளுங்கள். நின்ற சமயத்தில் யார் எதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்களோ, அதனால்தான் நின்றது என்பார்கள். ஒரு வீட்டில் எள்ளுருண்டை, ஒரு வீட்டில் மந்திரித்த கயிறு, இன்னொரு வீட்டில் மாத்திரை. "மெதுவா வேலை செய்யும், ஒரு வருஷம் ஆகும்" என்று ஒருவர் சொல்லி மருந்து கொடுத்தால், அந்த ஒரு வருடத்தில் நூற்றுக்கு 15 பேருக்கு அந்த வேலையை வயதே செய்துவிடும்.

அதற்காக மூலிகை எல்லாமே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். மூலிகை, அக்குபங்சர், ஹிப்னாசிஸ் போன்றவற்றை இந்தத் தொந்தரவுக்குக் கொடுத்துப் பார்த்த 24 ஆய்வுகளைத் திரட்டி, 2011-இல் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு ஒரு மதிப்பீடு வெளியிட்டது. சிலவற்றில் கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆனால் பெரும்பாலும் சிறிய ஆய்வுகள், நடத்திய முறையிலும் குறைகள், ஒன்றின் முடிவை இன்னொன்று உறுதிப்படுத்தவும் இல்லை. எனவே பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதாது என்றுதான் முடித்தார்கள். நாளை நல்ல ஆய்வு வந்தால் நான் சந்தோஷமாக எழுதிக் கொடுப்பேன்.

உங்கள் வீட்டில் கொடுப்பதை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எள்ளுருண்டை நல்ல தின்பண்டம். எள்ளும் வெல்லமும் வளரும் பிள்ளைக்கு ஏற்றவை. சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் ஒன்று கொடுங்கள், அப்பாயி கையாலேயே கொடுக்கட்டும். மருந்து என்று நினைக்காமல் கொடுத்தால் போதும்.

நெருஞ்சில் கஷாயம் அப்படி இல்லை. சித்த மருத்துவத்திலேயே நெருஞ்சில் சிறுநீரைப் பெருக்கும் மூலிகை. நீர்க்கடுப்புக்குக் கொடுப்பது. பாயை நனைக்கும் பையனுக்கு, அதுவும் படுக்கும் நேரத்தில், ஒரு டம்ளர் கொடுத்தால் என்ன ஆகும்? எந்தப் படித்த சித்த மருத்துவரிடம் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார். ஊரில் ஜாதிக்காயும் கசகசாவும் இதற்கு அரைத்துக் கொடுப்பார்கள், யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். ஜாதிக்காய் அளவு மீறினால் படபடப்பும் மனக்குழப்பமும் வரும். கசகசா தூக்கத்தைக் கூட்டும், எழ முடியாமல் தூங்குவதுதான் இவனுக்கு ஏற்கெனவே உள்ள பிரச்சினை.

என்னை உறுத்துவது அந்தச் செங்கல் நிறப் பொடி. பொட்டலத்தில் பெயர் இல்லை, என்ன சரக்கு என்று இல்லை, தயாரித்த தேதி இல்லை. இலை தழையை உலர்த்தி இடித்தால் பெரும்பாலும் பச்சையோ பழுப்போதான் வரும். செங்கல் நிறம் என்றால், உலோகத்தைப் புடம்போட்டுச் செய்யும் செந்தூரம் கலந்திருக்கிறதா என்று கேட்டே ஆகவேண்டும். செந்தூரத்தில் சில இரும்பில் செய்வது, சில ரசத்தில், அதாவது பாதரசத்தில், செய்வது. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைப் பரிசோதித்து 2008-இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. அவையாவது லேபிள் ஒட்டி விற்றவை. ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆங்கில மருந்து மூளையைப் பாதிக்கும் என்று பயந்தீர்கள். பயப்பட வேண்டியது இந்தப் பொட்டலத்துக்குத்தான். ஆடியிலிருந்து கொடுத்திருப்பதால், சோடியம் பார்க்கும்போதே ரத்தத்தில் ஈய அளவும் பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மாமியாருக்கு நம் வைத்தியத்தின் மேல் நம்பிக்கை போகக் கூடாது என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. அவர்களிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். நம் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்று ஒன்று வைத்திருந்தார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் எல்லா வைத்தியர்களும் அங்கே இருந்தார்கள். நோயாளிக்கு என்ன கொடுத்தோம், என்ன ஆயிற்று என்று எழுதி வைத்தார்கள். சந்தைக்காரரிடம் நாம் கேட்பதும் அந்த எழுத்தைத்தான். மூலிகைதான் வேண்டும் என்றால், அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது, பட்டம் பெற்ற மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார், மருந்தும் இலவசம். அங்கே போங்கள், ஆனால் மாத்திரை விஷயத்தை அவரிடமும், அவர் கொடுப்பதைக் குழந்தை மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரைகள்

டெஸ்மோபிரெசின் மூளை வளர்ச்சியைப் பாதிக்காது. ஆண்மைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உடம்பில் இயல்பாகவே சுரக்கும் ஹார்மோனின் செயற்கை வடிவம்தான் அது. குடிக்கும் விஷயத்தில் கட்டுப்பாடாக இருந்தால் பாதுகாப்பானது. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாளில் கொடுக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஆனால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொள்ளுங்கள். கொடுக்கும் பிள்ளைகளில் 100-க்கு 30 பேருக்கு முழுதாக நிற்கும், 40 பேருக்குக் குறையும், மிச்சப் பேருக்குப் பலன் இல்லை. நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும். நீங்களே மூன்று நாளில் பார்த்தீர்கள். மழைக்குக் குடை பிடிப்பது மாதிரி, பிடித்திருக்கும் வரை நனையாது. கல்யாணத்துக்கும் பயணத்துக்கும் குடை நல்லதுதான்.

சிங்கப்பூரிலிருந்து மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாக இதையே வாங்கி வரலாமா என்று கணவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். சோடியம் குறைந்து வலிப்பு வரும் ஆபத்தைக் காரணம் காட்டி, படுக்கை நனைக்கும் பிள்ளைகளுக்கு மூக்கு ஸ்பிரே கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-லேயே சொல்லிவிட்டது.

இமிப்ரமின் "அதே வேலை" செய்யும் மருந்து இல்லை. அது மனச்சோர்வுக்கு வந்த பழைய மருந்து. படுக்கை நனைப்பதற்கு 1960-களிலிருந்து கொடுத்தார்கள். சாப்பிடும் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்குத்தான் முழுதாக நிற்கிறது, நிறுத்தினால் ஏறக்குறைய எல்லோருக்கும் திரும்புகிறது. அளவு கூடினால் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கிவிடும். அண்ணனுக்கு வைத்திருந்த மாத்திரையை மிட்டாய் என்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகி வரும் தம்பி தங்கைகள் உண்டு. உங்கள் வீட்டில் 3 வயதுக் குழந்தை இருக்கிறது. தயவுசெய்து அந்த அட்டையை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மருத்துவர் எழுதிய மருந்துக்குப் பதிலாக வேறு மருந்தைக் கொடுக்கச் சட்டப்படி கடைக்காரருக்கு அதிகாரம் இல்லை. வேறு வழியெல்லாம் பலிக்காத பெரிய பிள்ளைகளுக்கு, இதயத்தைப் பரிசோதித்துவிட்டு, சிறப்பு மருத்துவர் யோசித்துக் கொடுக்க வேண்டியது அது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள்

மூன்றாவது பக்கத்தின் நடுவில், பெரிதாக நினைக்காமல் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். "காலையில நிரப்பிக் குடுக்குற தண்ணி பாட்டில் சாயங்காலம் அப்படியே வருது" என்பது ஒன்று. "இரண்டு நாளைக்கு ஒருதரம்தான் வெளிக்குப் போறான், கல்லு கல்லா போகுது" என்பது இன்னொன்று. நான் கடிதத்தை அங்கே நிறுத்தித் திரும்பப் படித்தேன். பொடியையும் மாத்திரையையும்விட இந்த இரண்டு வரிதான் எனக்கு முக்கியம்.

பையன் பகலெல்லாம் ஏன் குடிப்பதில்லை? அவனிடம் கேளுங்கள். பள்ளியில் கழிப்பறை அசுத்தமாக இருக்கும், போகக் கூச்சப்பட்டுக் குடிக்காமலே இருந்துவிடுவான். நான்கரைக்கு வீட்டுக்கு வந்ததும் இரண்டு செம்பு தண்ணீர், அப்புறம் டீ, விளையாடிவிட்டு வந்து மறுபடி தண்ணீர், இரவு ரசஞ்சாதம், படுக்கும்போது பால், அதற்கு மேல் கஷாயம். ஒரு நாளின் தண்ணீர் முழுவதும் ஐந்து மணி நேரத்தில் உள்ளே போகிறது. இரவில் அது வெளியே வராமல் என்ன செய்யும்? பகலில் குடிக்காத மூத்திரப்பை விரிந்து பழகுவதும் இல்லை.

இதை மாற்றுவதற்கு மருந்து வேண்டாம். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டர், வெயில் நாளில் இன்னும் கொஞ்சம். அதை ஐந்து பங்காக்கினால் இரண்டு பங்கு காலையில், இரண்டு பங்கு மதியத்திலிருந்து பள்ளி விடுவதற்குள், ஒரு பங்கு மட்டும் சாயங்காலத்துக்குப் பிறகு. வகுப்பாசிரியரைத் தனியாகப் பார்த்து, இடைவேளையில் இவன் குடிக்கவும் கழிப்பறை போகவும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, டாக்டர் சொன்னார் என்றால் போதும். டீயையும் காபியையும் நிறுத்துங்கள், கும்பகோணம் டிகிரி காபி பெரியவர்களுக்கு இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டைப் படுக்க இரண்டு மணி நேரம் முன்னால் முடித்துவிடுங்கள். தாகம் என்று கேட்டால் தண்ணீரே தராமல் இருக்காதீர்கள், இரண்டு மடக்கு கொடுங்கள்.

மலச்சிக்கலும் இதே மாதிரிதான். மலக்குடல் மூத்திரப்பைக்கு நேர் பின்னால் இருக்கிறது. அது கல் மாதிரி நிரம்பியிருந்தால் பையை அழுத்தி, பிடிக்கும் அளவைக் குறைத்துவிடும். மலச்சிக்கலைச் சரிசெய்ததுமே பாய் காய்ந்துவிட்ட பிள்ளைகள் என்னிடம் பலர் உண்டு. கொய்யா, கீரை, வாழைப்பழம் கொடுங்கள். காலையில் சாப்பிட்டதும் பத்து நிமிடம் அவசரப்படுத்தாமல் உட்கார வையுங்கள். அதற்கு மேலும் இறுகியிருந்தால் மலத்தை இளக்கும் மருந்தைச் சில மாதம் கொடுக்க வேண்டியிருக்கும், மருத்துவர் எழுதித் தருவார். ஈயம் உடம்பில் சேர்ந்தாலும் மலச்சிக்கல் வரும் என்பதால்தான் அந்தப் பரிசோதனையை வற்புறுத்தினேன்.

விடுமுறை நாளில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். அளவு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றில் அவன் பகலில் போகும் சிறுநீரை இரண்டு நாள் அளந்து எழுதுங்கள். வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் அந்த வயதுக்கு மூத்திரப்பை பிடிக்கும் அளவு தோராயமாக வரும். இவனுக்கு 270 மில்லி. பெரும்பாலும் 100, 120 என்றே வந்தால் பை சிறிதாக இருக்கிறது, அப்படி உள்ளவர்களுக்கு டெஸ்மோபிரெசின் சரியாகப் பிடிக்காது. அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டினால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது.

அலாரம்

இதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்பதில் எனக்கு வருத்தம். நிறுத்திய பிறகும் நிற்கும் பலன் வேண்டும் என்றால் இன்று கையில் உள்ளதில் சிறந்தது இதுதான்.

உள்ளாடையில் ஒரு சிறு உணரி, சட்டையில் ஒரு மணி. முதல் சொட்டு பட்டதும் அலறும். ஆரம்பத்தில் ஊரே எழும், இவன் எழமாட்டான். நீங்கள்தான் எழுந்து அவனைத் தட்டி எழுப்பி, முழுதாக விழிக்க வைத்து, அவன் கையாலேயே மணியை நிறுத்தச் சொல்லி, கழிப்பறைக்கு நடத்திப் போக வேண்டும். சில வாரத்தில் மணிச் சத்தத்துக்கு அவனே எழுவான், அப்புறம் மணி அடிப்பதற்கு முன்னாலேயே எழுவான், அல்லது விடியும் வரை தாங்குவான். எழுப்ப மறந்துபோன மூளைக்கு இது பழக்கம் கொடுக்கிறது. மூன்று நான்கு மாதம் விடாமல் செய்தால் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்கு நிற்கிறது. கழற்றிய பிறகும் ஏறத்தாழ பாதிப்பேர் காய்ந்தே இருக்கிறார்கள். மற்றவர்கள் இரண்டாம் முறை வைத்தால் பலன் கிடைப்பதுண்டு. தொடர்ந்து 14 இரவு காய்ந்த பிறகுதான் கழற்ற வேண்டும்.

மலிவான கருவி இல்லை, இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். ஆனால் ஒரே முறைச் செலவு. சின்னக் குழந்தை, வயல் வேலை, தனியாளாகக் குடும்பம் என்று இருக்கும் உங்களால் மூன்று மாதம் நடு இரவில் எழ முடியுமா என்று நேர்மையாக யோசியுங்கள். இப்போது முடியாது என்றால் கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். கணவர் ஊருக்கு வரும் மாதங்களில் தொடங்கினால் இன்னும் நல்லது. அதுவரை ரப்பர் ஷீட் விரித்து, அதன் மேல் துவைக்கக்கூடிய பழைய போர்வை போட்டு, காலையில் அதை எடுத்துப் போடும் வேலையை அவனும் உங்களோடு சேர்ந்து செய்யட்டும், தண்டனையாக இல்லாமல் அவன் பொறுப்பாக. தண்ணீர் ஒழுங்காகக் குடித்த நாளுக்குப் பாராட்டுங்கள். காய்ந்த இரவுக்குப் பரிசு வைக்காதீர்கள், அது அவன் கையில் இல்லை.

இவற்றில் ஒன்று இருந்தால் தாமதிக்காதீர்கள்

ஆறு மாதமாவது காய்ந்திருந்த பிள்ளை திடீரென்று மறுபடி நனைக்கத் தொடங்கினால், அதிலும் அடங்காத தாகமும் எடை குறைவும் சேர்ந்தால், அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். சிறுநீர் போகும்போது எரிச்சல், காய்ச்சல், பகலிலும் ஒழுகுதல், சொட்டுச் சொட்டாகப் போதல், முதுகின் அடியில் பள்ளமோ முடிக்கற்றையோ இருத்தல், கால் பலவீனம், இரவில் பெரிய குறட்டை இவையும் அப்படித்தான். உங்கள் பையனுக்கு இவை எதுவும் இல்லை என்பது கடிதத்தில் தெரிகிறது. இருந்தாலும் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள்.

கல்யாணம்

அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். சோடியம் சரியாக இருந்து, பொடியும் கஷாயமும் முழுதாக நின்று, மருத்துவரும் சம்மதித்தால், அந்த இரண்டு இரவுக்கு மட்டும் டெஸ்மோபிரெசின் கொடுக்கலாம். இரண்டு வாரம் முன்பே வீட்டில் சில இரவு, அவர் கண்காணிப்பில் கொடுத்துப் பாருங்கள். தலைவலி, வாந்தி ஏதாவது வந்தால் அதோடு விட்டுவிடுங்கள், கல்யாணத்துக்கும் வேண்டாம்.

மண்டபத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். அழைப்பன்று ராத்திரி பதினொரு மணிக்கும் பந்தி நடக்கும். பாயசம், கலர், ஐஸ்கிரீம், வரவேற்பு மேசையில் பன்னீர் சோடா என்று பார்க்கிறவர்களெல்லாம் பிள்ளை கையில் ஒன்றைத் திணிப்பார்கள். சாப்பாட்டை ஏழரைக்கே முடித்துவிட்டு, மாத்திரை போட்டதும் அவனை உங்கள் கண் பார்வையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஓடிப்போய் இரண்டு டம்ளர் குடித்துவிடுவான் என்று தோன்றினால் அன்று மாத்திரை வேண்டாம். ஜமக்காளத்தில் எல்லோரும் வரிசையாகப் படுக்கும்போது கழிப்பறைப் பக்கத்து ஓரத்தில் நீங்களும் அவனும் படுத்துக்கொள்ளுங்கள், அடியில் ஒரு ஷீட், பையில் மாற்றுத் துணி. நாத்தனாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர்கள் அண்ணனோ தம்பியோ பத்து வயது வரை பாயை நனைத்தவர்தானே, அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். குவளையில் அளந்த கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள்.